நகரசபை சோனிங் விதியை மாற்றும்போது: ஒன்ராறியோவில் வீடு வைத்திருப்போரும் வாடகைக்கு இருப்போரும் அறிய வேண்டியவை

நகரசபையிலிருந்து வரும் உறையில் சொத்துவரிப் பத்திரம் இருந்தால் அதை உடனே பிரித்துப் பார்க்கிறோம். சிறிய வரைபடம் ஒன்றுடன் ‘பொதுக்கூட்ட அறிவித்தல்’ என்று வந்தால், அது பெரும்பாலும் நீலப் பெட்டிக்குள் போய்விடுகிறது. நிலவறையில் யார் குடியிருக்கலாம், பக்கத்துக் காணியில் எத்தனை மாடி எழும்பலாம், தொழிற்பேட்டைக் கட்டடத்தில் கோயிலோ தமிழ்ப் பள்ளியோ நடத்தலாமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது இந்த இரண்டாவது உறைதான்.

சோனிங் என்பது ஒவ்வொரு காணியிலும் எதைக் கட்டலாம், அதை எதற்குப் பயன்படுத்தலாம், வீதியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், எத்தனை வாகனத் தரிப்பிடம் வேண்டும் என்று சொல்லும் நகரசபை உபவிதி. அதை இயற்றும் அதிகாரத்தை நகரசபைக்குக் கொடுப்பது மாகாணத்தின் திட்டமிடல் சட்டம். ஸ்காபரோவிலிருந்து கிழக்கே நகர்ந்த எம்மவர் பலர் வாழும் பிக்கரிங் நகரில், 2021 கணக்கெடுப்பின்படி ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். மன்றத்தில் மேயரோடு சேர்த்து 7 பேர். சாதாரணமாக நான்கு கைகள் உயர்ந்தால் ஒரு விதி மாறிவிடும். இவ்வளவு சிறிய மன்றத்தில் பத்துக் குடும்பங்கள் எழுதும் கடிதம் கண்ணில் படாமல் போகாது.

எங்களில் பலரது முதல் கனடிய முகவரி ஒரு நிலவறை. அந்த நிலவறைகளின் கதையே சோனிங்கின் கதை. 1994இல் மாகாண அரசு ஒரு வீட்டுக்குள் இரண்டாவது குடியிருப்பை அனுமதித்துச் சட்டம் கொண்டுவந்தது. ஆட்சி மாறியதும், 1996இல் அந்த உரிமை திரும்பப் பெறப்பட்டு, முடிவு மீண்டும் நகரசபைகளிடம் போனது. 1995 நவம்பர் 16இல் ஏற்கெனவே இருந்த இரண்டாவது குடியிருப்புகளுக்கு மட்டும் பாதுகாப்புக் கிடைத்தது. மற்றவை நகரத்துக்கு நகரம் வேறுபட்ட விதிகளுக்குள் சிக்கின. நகரசபைகள் இரண்டாவது குடியிருப்புக்கு இடமளிக்க வேண்டும் என்ற சட்டம் 2012 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. 2022 நவம்பரில் நிறைவேறிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது: நகரக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள குடியிருப்புக் காணியில் மூன்று குடியிருப்புகள் வரை சோனிங் மூலம் தடுக்க முடியாது.

ஆகவே, “எங்கள் தெருவில் பேஸ்மென்ற் வாடகையே வேண்டாம்” என்று இன்று மன்றத்தில் முழங்குவது வீண். அந்தக் கதவு மாகாண மட்டத்தில் திறந்தாகிவிட்டது. விவாதம் இப்போது நான்காவது, ஆறாவது குடியிருப்பைப் பற்றியது. ரொறன்ரோ 2023இல் நகரம் முழுவதும் நான்கை அனுமதித்தது. 2025 ஜூனில் ஆறு பற்றி வாக்கெடுத்தபோது 9 வட்டாரங்களுக்கு மட்டுமே இணக்கம் கிடைத்தது. ஸ்காபரோவின் ஆறு வட்டாரங்களில் அதற்குள் வந்தது ஸ்காபரோ வடக்கு ஒன்றுதான். நான்குக்கே இடங்கொடுக்க மறுத்த வின்சர் நகரம், 2024 தொடக்கத்தில் மத்திய அரசின் வீடமைப்பு விரைவாக்க நிதியை இழந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சோனிங் அனுமதித்துவிட்டது என்பதற்காக உங்கள் நிலவறை சட்டபூர்வமாகிவிடாது. கட்டட அனுமதி, தீ பரவாத தடுப்புச் சுவர், தப்பி வெளியேறும் வழி, புகை எச்சரிக்கைக் கருவி எல்லாம் தனி. வீடு விற்கும்போது “சோனிங் ஓகே” என்று மட்டும் சொல்லும் முகவரிடம் கட்டட அனுமதிப் பத்திரத்தையும் கேளுங்கள்.

கோயில்களுக்கும் மாலைநேரப் பள்ளிகளுக்கும் நிலைமை கடினமானது. வாடகை மலிவு என்று தொழிற்பேட்டையில் இடம் எடுப்போம். அந்த வலயத்தின் அனுமதிப் பட்டியலில் ‘வழிபாட்டிடம்’ இல்லாமல் இருக்கும். இருந்தாலும் தேர், திருவிழாக் கூட்டத்துக்குப் போதிய தரிப்பிடம் இருக்காது. சோனிங்கை மீறியதாக நீதிமன்றம் கண்டால், ஒரு நிறுவனத்துக்கு முதல் தடவையே 50,000 டொலர் வரை அபராதம் விதிக்கலாம். குத்தகையில் கையெழுத்திட முன்னர் நகரசபைத் திட்டமிடல் பிரிவில் கேட்பதற்கு ஒரு மணித்தியாலம் போதும். மாறாக, விதி மாறுவதற்கு முன்பே சட்டபூர்வமாக நடந்துவந்த பயன்பாடு, தொடர்ந்து நடக்கும் வரை, புதிய விதியால் பறிபோகாது.

ஒரு காணிக்கான சோனிங் மாற்றம் என்றால் வழமையாக 120 மீற்றருக்குள் இருக்கும் உரிமையாளர்களுக்குத் தபால் வரும், காணியில் பலகையும் நிற்கும். நகரம் முழுவதற்குமான மாற்றமோ உள்ளூர்ப் பத்திரிகையிலோ நகரசபை இணையத்தளத்திலோ வந்துபோய்விடும். பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது 20 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். அங்கே பேச வாக்குரிமையோ குடியுரிமையோ தேவையில்லை. வாடகைக்கு இருப்பவரும் பேசலாம், அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவரும் பேசலாம். கிடைப்பது சில நிமிடங்கள்தான். வராதவர் எழுதி அனுப்பலாம்.

எழுதாமல் விடுவதன் விலை 2024 ஜூனுக்குப் பிறகு கூடியிருக்கிறது. முன்பு அயலவரும் ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்ய முடிந்தது. இப்போது, விண்ணப்பதாரரையும் அரச அமைப்புகள் போன்ற சிலவற்றையும் விட்டால், அந்த விதி பொருந்தும் காணியின் பதிவு பெற்ற உரிமையாளருக்கு மட்டுமே அந்த உரிமை. அவரும் விதி நிறைவேறுவதற்கு முன்னர் பொதுக்கூட்டத்தில் பேசியிருக்க வேண்டும், அல்லது மன்றத்துக்கு எழுத்தில் கருத்துக் கொடுத்திருக்க வேண்டும். கவுன்சிலரைக் கலியாண வீட்டில் கண்டு சொன்னது கணக்கில் வராது.

கடிதத்தை நகரசபை எழுதுவினைஞருக்கு அனுப்புங்கள். கோப்பு இலக்கம், உங்கள் முகவரி, எந்த வாசகம் மாற வேண்டும் என்பது இருந்தால் போதும். முடிவை எனக்கு அறிவியுங்கள் என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். அந்த அறிவித்தல் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து மேன்முறையீட்டுக்கு இருப்பது 20 நாள்.