ஐயுற்ற இளைஞரும் கிறித்தவ நற்செய்தியும்: கல்கத்தா, 1830-1832

முன்னுரை

சமயப் பிடிப்பற்ற, கல்வி கற்ற இளைஞரிடம் கிறித்தவ நம்பிக்கையை எவ்வாறு எடுத்துரைப்பது என்னும் வினா இன்று திருச்சபைகள் பலவற்றிலும் எழுகிறது. இந்தியாவில் இவ்வினா புதியதன்று. கல்கத்தாவில் ஆங்கிலக் கல்வி பெற்ற முதல் தலைமுறையினரிடையே 1830களின் தொடக்கத்திலேயே அது எழுந்தது. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரியான அலெக்சாண்டர் டஃப், தம் வாதத்திறத்தால் அவ்விளைஞருள் சிலரை வென்றார் எனக் கூறுவது மிஷன் வரலாற்று மரபு. நிகழ்வுகளைக் கால வரிசையில் வைத்து நோக்கின், மேடைச் சொற்பொழிவைவிடத் தடையின்றி வினவ இடமளித்த தொடர் உரையாடலே அவர்களை ஈர்த்தது என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

இந்துக் கல்லூரியும் ஐயமும்

1817இல் தொடங்கப்பெற்ற இந்துக் கல்லூரியில் கிறித்தவப் போதனைக்கு இடமில்லை. அங்கு ஆசிரியராகப் பணியாற்றிய ஹென்றி டெரோசியோ, மாணவரைத் தாமே சிந்திக்கத் தூண்டினார். இறைவன் உண்டா என்னும் வினாவில் டேவிட் ஹ்யூமின் ஐயங்களையும், அவற்றுக்குத் தாமஸ் ரீடு, டூகல்டு ஸ்டூவர்ட் ஆகியோர் அளித்த மறுப்புகளையும் மாணவர்முன் வைத்ததாக அவரே பின்னர் விளக்கமளித்தார். மூவரும் ஸ்காட்லாந்துச் சிந்தனையாளர்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற டஃபும் அக்கல்விச் சூழலில் உருவானவர். ஆகவே, ஐயுற்றோரும் மிஷனரியும் உரையாடுதற்கான பொதுத்தளம் முன்னரே அமைந்திருந்தது எனலாம்.

தடைபட்ட சொற்பொழிவுகள்

1830 மே மாதம் கல்கத்தா வந்த டஃப், ராம்மோகன் ராயின் துணையுடன் சூலையில் ஆங்கிலப் பள்ளியொன்றைத் தொடங்கினார். ஆகஸ்டில், இந்துக் கல்லூரிக்கு அருகிலிருந்த வீடொன்றில் அதன் மாணவருக்கெனக் கிறித்தவம் பற்றிய சொற்பொழிவு வரிசை ஏற்பாடாயிற்று. முதல் சொற்பொழிவே நகரில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. மாணவர் இத்தகைய கூட்டங்களுக்குச் செல்லலாகாதெனக் கல்லூரி நிருவாகம் ஆணையிட்டது, சொற்பொழிவுகள் நின்றன. 1831 ஏப்ரலில் அதே நிருவாகம் டெரோசியோவையும் பதவி நீங்கச் செய்தது. சமய மறுப்பும் நற்செய்தியும் மரபுக்கு ஒரேவகைத் தீங்காகவே பெரியோர்க்குத் தோன்றின என்பது இதனால் புலனாகிறது.

கிருஷ்ண மோகன் பானர்ஜி

டெரோசியோ வட்டத்தைச் சேர்ந்த கிருஷ்ண மோகன் பானர்ஜி, 1831இல் 'என்குயரர்' என்னும் இதழைத் தொடங்கி இந்து மரபைக் கடுமையாகச் சாடினார். அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் இல்லாத வேளையில் நண்பர்கள் அவர் வீட்டில் மாட்டிறைச்சி உண்டு, எஞ்சியதை அண்டை வீட்டில் எறிந்தனர். அதன் விளைவாக அவர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அப்போது அவர் கிறித்தவர் அல்லர் என்பது இங்குக் கருதத்தக்கது. திருமுழுக்குக்காக அன்றி, மரபு மறுப்பிற்காகவே அவர் குடும்பத்தை இழந்தார். அதன்பின் டஃப் அவரை அழைத்து உரையாடினார். மீண்டும் தொடங்கிய சொற்பொழிவுகளில் கேட்போர் எதிர்வாதம் புரியவும் இடமிருந்தது. 1832 ஆகஸ்டில் மகேஷ் சந்திர கோஷும், அக்டோபர் 17இல் கிருஷ்ண மோகனும் திருமுழுக்குப் பெற்றனர்.

இவ்வெற்றிக்கு எல்லையும் உண்டு. ரசிக் கிருஷ்ண மல்லிக், ராம்கோபால் கோஷ் போன்ற டெரோசியோ வட்டத்தினர் பலர் கிறித்தவத்தைத் தழுவவில்லை. கிருஷ்ண மோகனும் டஃபின் திருச்சபையில் நிலைக்காமல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவானார். 1875இல் வெளிவந்த 'ஆரியன் விட்னஸ்' நூலில், வேதங்கள் கூறும் வேள்விக் கருத்து கிறித்துவிடம் நிறைவுறுகிறது என வாதிட்டார். இளமையில் தாம் சாடிய மரபின் நூல்களுக்கே அவர் திரும்பியமை, பெற்ற செய்தியை அவர் தம் போக்கில் மறுவாசிப்புச் செய்தார் என்பதைக் காட்டுகிறது.

முடிவுரை

டஃபின் கல்விமுறையைப் பின்பற்றி ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கினார். அங்கு 1841இல் நிகழ்ந்த திருமுழுக்குகளால் மாணவர் பலர் விலகினர். அப்பள்ளி பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தபோது, தனிமனித மதமாற்றத்தினும் கிறித்தவச் சிந்தனை சமூகத்தில் பரவுவதையே வில்லியம் மில்லர் முதன்மையாகக் கருதினார். இளைஞரின் மதமாற்ற வரலாறுகள் பெரும்பாலும் சொன்னவரின் ஆற்றலைக் கொண்டே எழுதப்பட்டுள்ளன. கேட்டவர் என்ன வினவினார், எதை இழந்தார், பெற்றதை எவ்வாறு மாற்றினார் என்பவற்றையும் சேர்த்து ஆராயும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.