வண்டியோட்டியின் நாழிகைக் கணக்கு



தரங்கம்பாடி என்றவுடன் வரலாறு பயின்றோர் உள்ளத்தில் இரண்டு ஆண்டுகள் எழும். ஒன்று 1620, தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்ட டேனியர், இக்கடற்கரையில் டான்ஸ்பர்க் கோட்டையை எழுப்பத் தொடங்கிய ஆண்டு. மற்றொன்று 1706, சீகன்பால்கு இங்கே கரையிறங்கிய ஆண்டு. இவ்விரண்டையும் குறித்துப் பலர் பேசியிருக்கின்றனர். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கோட்டைக்குச் சற்று மேற்கே, சீர்காழியிலிருந்து காரைக்காலை நோக்கிச் செல்கிறதே நெடுஞ்சாலை, அதில் இரவும் பகலும் லாரி ஓட்டிச் செல்பவனின் வரலாறு அது. அவன் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உழைக்கலாம்? அந்தக் கணக்கை எழுதி வைப்பவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் உலகம் விடை தேடிய கதையைச் சுருங்கச் சொல்ல விரும்புகிறேன்.

இக்கதை கடலில் தொடங்குகிறது. பழைய பாய்மரக் கப்பலின் வேகத்தை அறிய, ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிவார்கள். குறித்த நேரத்துக்குள் கயிற்றின் முடிச்சுகள் எத்தனை கைவிட்டுக் கழிகின்றன என்று மணற்கடிகாரத்தைக் கொண்டு எண்ணுவார்கள். அந்த மரத்துண்டுக்கு ஆங்கிலத்தில் 'லாக்' என்று பெயர். அதன் கணக்கை எழுதிய ஏடு 'லாக் புத்தகம்' எனப்பட்டது. இன்று உலகெங்கும் லாரி ஓட்டுநர் தம் பணி நேரத்தை எழுதும் ஏட்டுக்கும் அப்பெயரே வழங்குகிறது. கடலில் பிறந்த சொல் சாலைக்கு வந்து சேர்ந்தது.

சொல் மட்டுமா வந்தது? அதற்கு முன்னரே ஒரு நெறியும் கப்பலில் இருந்தது. மாலுமிகள் அணி அணியாகப் பிரிந்து, நான்கு மணி நேரத்துக்கு ஓர் அணி காவல் நிற்கும். அரைமணிக்கு ஒருமுறை மணற்கடிகாரத்தைத் திருப்பி வைத்து மணி அடிப்பார்கள். எட்டு மணியோசை கேட்டதும் நின்றவர் உறங்கச் செல்வர். உறங்கியவர் எழுந்து வருவர். நம் முன்னோரும் ஏழரை நாழிகை கொண்டது ஒரு சாமம் என வகுத்துச் சாமந்தோறும் காவலை மாற்றினர். உறக்கத்தை வெல்ல ஒருவனால் முடியாது என்பதை இரு சாராரும் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

கடலுக்கு அடுத்து இருப்புப்பாதை வந்தது. மாயவரத்திலிருந்து, அதாவது இன்றைய மயிலாடுதுறையிலிருந்து, தரங்கம்பாடிக்கு 1926ஆம் ஆண்டில் இரயில் ஓடத் தொடங்கியது. இரயில் தனித்து ஓடும் வண்டியன்று. புறப்பட்ட நேரத்தை ஒரு நிலையத்தில் எழுதுவர். வந்து சேர்ந்த நேரத்தை அடுத்த நிலையத்தில் எழுதுவர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் எழுத்து சரிபார்க்கும். இந்திய இரயில்வேச் சட்டம் 1930இல் திருத்தப்பட்டபோது ஊழியரின் பணி நேரத்துக்கும் வரம்பு ஏற்பட்டது. தொடர்ந்து வேலை உள்ளவர்க்கு வாரம் 60 மணி. விட்டு விட்டு வேலை உள்ளவர்க்கு 84 மணி. நீதிபதி இராஜாத்யட்சரின் 1947ஆம் ஆண்டுத் தீர்ப்பு இவற்றை முறையே 54 ஆகவும் 75 ஆகவும் குறைத்தது.

தரங்கம்பாடிக்கு வந்த அந்த இரயில் 1986இல் நின்றுபோயிற்று. நெல்லும் உப்பும் மீனும் உரமும் நிற்குமோ? அவை சாலை வழியே சென்றன. இரயிலில் பலர் கூடி எழுதிய கணக்கு, லாரியில் ஓட்டுநர் ஒருவர் கையில் வந்து நின்றது. இடர்ப்பாடு தோன்றிய இடம் இதுவே.

லாரி நள்ளிரவில் தனியே செல்கிறது. அது எப்போது புறப்பட்டது, எங்கே நின்றது, ஓட்டியவர் எப்போது கண்ணயர்ந்தார் என்பதை உடன் செல்லும் கிளீனரைத் தவிரக் கண்டவர் இல்லை. ஆதலால் மோட்டார் வண்டி பெருகிய நாடுகள் அனைத்தும் இதற்கெனத் தனிச்சட்டம் வகுக்க வேண்டியதாயிற்று. பிரிட்டனின் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், ஓட்டுநர் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது ஓட்டலாகாது என்றும், 24 மணி நேரத்தில் 11 மணிக்கு மேல் ஓட்டலாகாது என்றும் விதித்தது. விதித்தால் போதுமா? எழுத்தில் இல்லாத நேரத்தை எந்த அதிகாரி சரிபார்ப்பார்? எனவே 1933ஆம் ஆண்டில் இயற்றிய மற்றொரு சட்டம், பணி நேரத்தைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்றது.

நம் நாட்டில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின் 65ஆம் பிரிவு இப்பொருளைக் கையாண்டது. ஐந்து மணி நேரம் உழைத்தால் அரைமணியேனும் ஓய்வு. நாளொன்றுக்கு 9 மணி. வாரத்துக்கு 54 மணி. பணி நேரத்தை முன்கூட்டியே வரையறுத்துப் பதிவு செய்யுமாறு பணிக்கவும் அப்பிரிவு இடமளித்தது. அதே ஆண்டில் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலமைப்பும் சாலைப் போக்குவரத்தில் பணி நேரத்தையும் ஓய்வையும் பற்றித் தன் 67ஆம் உடன்பாட்டை நிறைவேற்றியது. சில திங்களில் உலகப் போர் மூண்டது.

நாடு விடுதலை பெற்றபின் வந்தது 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். அதன் விதிகளை மாணவர்கள் மனத்தில் இருத்துவது நல்லது. நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நெடுந்தூரப் பயணத்துக்கும் திருவிழாக் காலத்துக்கும் 10 மணியும் 54 மணியும் வரை செல்லலாம். இடைவேளைகளையும் சேர்த்துக் கூட்டினாலும் ஒரு நாட்பணி 12 மணி நேரத்துக்குள் முடிதல் வேண்டும். ஒரு நாட்பணிக்கும் மறுநாட்பணிக்கும் இடையே 9 மணி நேர ஓய்வும், ஏழு நாளில் ஒரு நாள் விடுமுறையும் வேண்டும். மற்றொரு நுட்பத்தையும் நோக்குக. வண்டி ஓடும் நேரத்தோடு, கணக்கு எழுதும் நேரமும், வண்டியைப் பொறுப்பேற்று ஒப்படைக்கும் நேரமும், நிலையங்களில் 15 நிமிடத்துக்கு உட்பட்ட காத்திருப்பும் பணி நேரமே என்று அச்சட்டம் கூறியது.

இவ்வளவு செம்மையான சட்டம் இருந்தும் ஓட்டுநர் ஏன் கண் எரிய எரிய ஓட்டினார்? அச்சட்டம், ஐந்து தொழிலாளரேனும் பணிபுரியும் நிறுவனங்களுக்கே இயல்பாகச் செல்லுபடியாயிற்று. நம் ஊர்ப்புறங்களிலோ ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்போரே மிகுதி. சட்டத்தின் வலை விரிந்திருந்தது. அதன் கண்கள் பெரியனவாக இருந்தன. 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. எட்டு மணி நேரம் என்னும் அடிப்படை அதிலும் உண்டு. ஆனால் மோட்டார் நிறுவனம் என்று அது கொள்வது பத்துத் தொழிலாளர் உள்ள நிறுவனத்தை. வலையின் கண் மேலும் பெரிதாயிற்று என்பதை நாம் கருத வேண்டும்.

இரண்டாவது காரணம் கூலி. மாதச் சம்பளம் பெறுவோருக்கு நேரம் ஒரு வரம்பு. நடைக்கு இவ்வளவு என்று கூலியும் படியும் பெறுவோருக்கு நேரம் ஒரு பகை. நின்றால் நட்டம், ஓடினால் வருவாய். தஞ்சை வளநாட்டில் குறுவையும் சம்பாவும் அறுவடையாகும் காலத்தை எண்ணிப் பாருங்கள். நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல் மூட்டைகள் மலைபோல் குவியும். மழை வருமுன் அவற்றைக் கிடங்கு சேர்க்க வேண்டும். எடைமேடையிலும் கிடங்கு வாயிலிலும் லாரிகள் வரிசையாய் நிற்கும். அந்த வரிசையில் படுதாவின் நிழலில் ஓட்டுநர் படுத்திருப்பது ஓய்வா, பணியா? வரிசை நகரும்போதெல்லாம் எழுந்து வண்டியை நகர்த்துபவர் உறங்கியவர் ஆவாரா? பகலெல்லாம் காத்திருந்து, இரவில் பாரம் இறக்கி, விடியுமுன் அடுத்த நடைக்குப் புறப்படும் ஒருவருடைய நாளை எந்த ஏட்டில் எவ்வாறு எழுதுவது? அந்நெல்லை விளைவித்த பண்ணையாளுக்கு 1952ஆம் ஆண்டில் தனிச்சட்டம் பிறந்தது. நெல்லைச் சுமந்து செல்பவரின் உறக்கத்துக்கு இன்னும் காவல் போதவில்லை.

உறக்கம் என்ன அத்துணைப் பெரிய பொருளா என்று கேட்பீர்கள். ஒரு சிறு கணக்கைச் செய்து பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி, மூன்று நொடியில் 50 மீட்டர் கடந்துவிடும். களைத்த மனிதனுக்கு மூன்று நொடி கண் செருகுவது அவனே அறியாமல் நிகழ்வது. அந்த 50 மீட்டருக்குள் சாலையோரம் மிதிவண்டியில் செல்லும் மாணவன் இருக்கலாம். சந்தைக்கு மீன்கூடை சுமந்து செல்லும் தாய் இருக்கலாம். பின்னிரவில் உடல் தானே உறக்கத்தை நாடும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. தேநீர் சிறிது நேரம் விழிக்கச் செய்யும். இழந்த உறக்கத்தை மீட்டுத் தராது.

மேலைநாடுகளில் மனிதன் எழுதும் ஏட்டை நம்பாமல் கருவியை நாடினர். வேகத்தையும் நேரத்தையும் தானே வட்டத்தாளில் வரையும் 'டேகோகிராப்' என்னும் கருவியை ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1970ஆம் ஆண்டு விதியால் புகுத்தியது. அமெரிக்காவில் மின்னணுப் பதிவுக் கருவி 2017 டிசம்பரில் கட்டாயமாயிற்று. அதற்குமுன் அங்கும் ஓட்டுநர் பலர் பொய்க்கணக்கு எழுதியதால், அந்த ஏட்டைச் சிரிப்புப் படக்கதைப் புத்தகம் என்று கேலி பேசுவது வழக்கமாயிருந்தது. பன்னாட்டுத் தொழிலமைப்பின் 1979ஆம் ஆண்டு உடன்பாடு, இடைவிடாது ஓட்டும் நேரத்துக்கு நான்கு மணி என எல்லை கட்டியது. பாய்மரக் கப்பலின் காவல் நேரமும் அதுவேயன்றோ!

கருவி பொய் சொல்லாது. ஆனால் கருவிக்கு இரக்கமும் இல்லை. எட்டு மணி நேரத்தில் முடியாத நடையை எட்டு மணி நேரத்தில் முடிக்கச் சொல்லும் முதலாளியையும், சரக்கை இன்றே தா என்று நெருக்கும் வணிகரையும், வரிசையில் நிறுத்திவைக்கும் கிடங்கையும் அக்கருவி திருத்துமா? எழுதியவர் ஓட்டுநர், எழுதுவித்தவர் பலர். ஆகவே பொய்ப் பதிவைக் கண்டவிடத்து ஓட்டுநரை மட்டும் பழிப்பது நேர்மையாகாது.

வரலாறு கற்கும் மாணவர்களே, கல்வெட்டும் செப்பேடும் கப்பற் குறிப்பும் நமக்குச் சான்றுகள். ஓட்டுநரின் நேரப் பதிவேடும் அத்தகைய சான்றே. பேரரசர் புகழ் அதில் இல்லை. நாட்டுக்குச் சோறு கொண்டுசேர்த்த ஒருவருடைய விழிப்பும் உறக்கமும் அதில் உண்டு. நாளை உங்களில் சிலர் லாரி உரிமையாளர் ஆவீர்கள். சிலர் கிடங்கு அலுவலர் ஆவீர்கள். சிலர் சட்டத்தை நடத்தும் அதிகாரி ஆவீர்கள். சிலர் ஓட்டுநரும் ஆவீர்கள். ஓட்டுநர் உண்மையான கணக்கை அஞ்சாமல் எழுதக்கூடிய நிலைமையை உண்டாக்குவது உங்கள் அனைவர் கடமையுமாகும். அந்த ஏட்டில் ஓய்வு என்று எழுதிய இடத்தில் உண்மையாகவே ஒருவர் உறங்கி எழுந்திருக்க வேண்டும். அந்நாளே அச்சட்டங்கள் பயன் தந்த நாள்.