ஆயில் மாத்தினதும் கலப்பை தூக்கலையா? அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு

ஐப்பசி மழை விட்ட மறுநாள். கரிசல் காடு உழவுக்குப் பதமா இருந்துச்சு. ரெண்டு நாள் வெயில் அடிச்சா இறுகிப் போயிரும். அன்னைக்குப் பார்த்து எங்க மாஸி பெர்குசன் கலப்பையைத் தூக்க மாட்டேன்னு அடம் பிடிச்சது. முந்தின நாள்தான் நானே பழைய ஆயிலை வடிச்சிட்டுப் புதுசு ஊத்தியிருந்தேன். வாடகைக்கு மாடும் இல்ல, கூலிக்கு ஆளும் இல்ல. எங்க சிவகாசிப் பக்கம் பாதிப் பேரு தீப்பெட்டி ஆபீசுக்கும் வெடி ஆபீசுக்கும் போயிருவாங்க.

மெக்கானிக் வந்து சிரிச்சார். "அண்ணாச்சி, கியருக்கும் லிப்டுக்கும் ஒரே ஆயில்தான்."

ஏன் ஒரே ஆயில்? அதுக்குக் காரணம் அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன். 1917இல், முதல் உலகப் போர் நேரத்தில், அங்கே டிராக்டர் உழவை மேற்பார்வை பார்க்கும் வேலை அவருக்கு வந்தது. அப்போ கலப்பையைப் பின்னால் கட்டி இழுப்பாங்க. கல்லுல மாட்டினா டிராக்டர் முன்பக்கம் எழும்பி, ஓட்டுறவர் மேலேயே கவிழ்ந்திரும். இதைத் தடுக்கக் கலப்பையை டிராக்டரோடவே சேர்த்து, ஆயில் அழுத்தத்தால் தூக்க வழி கண்டார். 1926இல் காப்புரிமை வாங்கினார். மூணு இடத்துல பூட்டுற நம்ம லிப்ட் அதோட வாரிசுதான்.

1946இல் வந்த அவரோட டி.இ.20 டிராக்டரில் ஹைட்ராலிக் பம்பு பின்பக்கப் பெட்டிக்குள்ளேயே, கியர் ஓடுற ஆயிலிலேயே முங்கி இருந்தது. 1953இல் அவர் கம்பெனி மாஸி ஹாரிஸோட சேர்ந்தது. 1960இல் சென்னையில் தொடங்கின டாஃபே, அந்தப் பரம்பரை வண்டிகளை நம்ம காட்டுக்குக் கொண்டு வந்தது.

ஒரே ஆயில்னா வசதிதான். ஆனா கியர் தேயுற இரும்புத் தூளும் அதுலதான் கலக்கும். பம்பு உறிஞ்சுற சல்லடையில் அது போய் அடையும். நான் ஆயிலை மாத்தினேன், சல்லடையைக் கழுவல. அளவும் குறைவா இருந்துச்சு. அதனால பம்பு காத்தையும் சேர்த்து இழுத்துச்சு.

சல்லடையைக் கழுவி மாட்டினோம். புத்தகத்துல சொன்ன ரக ஆயிலை, சமதளத்துல நிறுத்தி, அளவுக் குச்சி பார்த்து ஊத்தினோம். இஞ்சினை ஓட்டி, பாரம் இல்லாம லிப்டைப் பத்துத் தடவை ஏத்தி இறக்கினோம். காத்து வெளியேறினதும் மறுபடி அளவு பார்த்தோம். ஆயில் பால் மாதிரி வெளுத்தா தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். தூக்கின கலப்பைக்கு அடியில மட்டும் கையை விட்டுறாதீங்க.

சாயங்காலத்துக்குள்ள உழுது முடிச்சாச்சு. பதமும் தப்பல. அடுத்த தடவை ஆயில் மாத்துறப்போ சல்லடைதான் முதல் வேலை.