அப்புறம் என்ன ஆச்சு?

(தலைப்பு: ஒருவர் படைத்த பாத்திரத்தை வைத்து இன்னொருவர் கதையைத் தொடர்வது, அந்தப் பாத்திரத்தை வாழ வைக்கிறதா? வீழ வைக்கிறதா? ‘வாழ வைக்கிறது’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் கோபமாகவும் அழகாகவும் பேசி அமர்ந்திருக்கிற நண்பர்களே! வீட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிற தாய்மார்களே! அவர்கள் ஒதுக்கி வைத்த வேலையை இப்போது வீட்டில் செய்துகொண்டே தொலைக்காட்சியில் இதைப் பார்க்கிற கணவன்மார்களே! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, உலகத்தில் எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த ஒரு கேள்வி உண்டு. பாட்டி கதையை முடித்து, “கதை முடிஞ்சுது, கத்தரிக்கா காய்ச்சுது, தூங்கு” என்பாள். குழந்தை தூங்குமா? “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்கும். பாட்டி தூங்கிவிட்டால் அம்மாவை எழுப்பிக் கேட்கும். அம்மாவும் ஏதோ ஒன்றைச் சேர்த்துச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆக, முதல் பகுதி பாட்டி, இரண்டாம் பகுதி அம்மா. இதுதான் நம் தலைப்பு. (கைதட்டல்)

எதிரணித் தலைவர் ஸ்பெயின் நாட்டு செர்வாண்டிசைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். பாதியில் இறக்கிவிட்டார். நான் மீதியைச் சொல்கிறேன்.

1605-இல் ‘டான் குவிக்சாட்’ வெளிவந்தது. காற்றாலையை அரக்கன் என்று நினைத்து ஈட்டியோடு பாய்கிற அந்த ஒல்லி மனிதரையும், கழுதை மேல் வருகிற சாங்கோ பான்சாவையும் ஊரே கொண்டாடியது. எழுதியவருக்கு அப்போது வயது ஐம்பத்தேழு. சுகவாசி அல்ல. 1571-இல் லெபாண்டோ கடற்போரில் குண்டுபட்டு இடக்கை முடங்கியவர். 1575-இல் கடற்கொள்ளையரிடம் சிக்கி, அல்ஜியர்ஸில் ஐந்து ஆண்டுகள் அடிமையாகக் கிடந்தவர்.

இரண்டாம் பாகம் வரும் என்று வாசகர்கள் காத்திருந்தார்கள். ஒன்பது ஆண்டுகள் ஓடின. 1614-இல் இரண்டாம் பாகம் வந்தது. ஆனால் அட்டையில் வேறு பெயர்! அவெல்லனேடா என்று ஒருவர். அது புனைபெயர். ஆள் யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.

எழுதியதோடு விட்டாரா? முன்னுரையில் செர்வாண்டிசைக் கிழவர் என்கிறார், கை முடமானவர் என்கிறார், உன் இரண்டாம் பாகத்தின் வருமானத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அடுத்தவன் வீட்டில் குடியேறி, வீட்டுக்காரரையே வைவது மாதிரி!

செர்வாண்டிஸ் அப்போது தன் இரண்டாம் பாகத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டே, 1615-இல், அது வந்துவிட்டது. மொத்தம் 74 அத்தியாயம். 59-ஆவது அத்தியாயத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? டான் குவிக்சாட் ஒரு சத்திரத்தில் இருக்கிறார். பக்கத்து அறையில் இரண்டு பேர், அவரைப் பற்றிய அந்தப் போலிப் புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்! கதாநாயகன் காதில் விழுகிறது. போலிப் புத்தகத்தில் அவர் சரகோசா நகருக்குப் போனதாக இருக்கிறது என்பதற்காகவே, “நான் அந்த ஊர்ப் பக்கமே போகமாட்டேன்” என்று பார்சிலோனாவுக்குத் திரும்பிவிடுகிறார். (சிரிப்பு)

அதோடு முடியவில்லை. போலிப் புத்தகத்தில் வந்த டார்ஃபே என்கிற பாத்திரத்தையே இந்தப் புத்தகத்துக்குள் இழுத்து வந்து, ஊர் நீதிபதி முன்னால், “நான் முன்பு பார்த்தவர் இவர் இல்லை” என்று எழுதி வாங்கிவிடுகிறார் செர்வாண்டிஸ். கடைசி அத்தியாயத்தில் டான் குவிக்சாட் புத்தி தெளிந்து, உயிலெழுதி, கண்ணை மூடுகிறார். இனி எவனும் இவரை எழுப்பிக்கொண்டு போகக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார் ஆசிரியர். மறு ஆண்டு, 1616 ஏப்ரலில், அவரும் போய்ச் சேர்ந்தார்.

எதிரணி கேட்கிறது: “அறுபத்தேழு வயதுப் பெரியவரை இப்படி அழ வைத்தார்களே, இது நியாயமா?” நியாயமே இல்லை! அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குற்றம் எது? கதையைத் தொடர்ந்ததா? உயிரோடு இருக்கிற ஆசிரியரை இழிவுபடுத்தி, அவர் இலையில் கை வைத்ததா? இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

இன்னொரு செய்தி. முதல் பாகத்தின் கடைசி வரியாக, “வேறொருவர் இதைவிட நன்றாகப் பாடக் கூடும்” என்ற பொருள்படும் ஓர் இத்தாலிய அடியை வைத்து முடித்தவர் செர்வாண்டிஸ்தான். கதவைத் திறந்து வைத்தவரே அவர்தான்! அந்த அடி யாருடையது? அரியோஸ்டோ என்ற இத்தாலியக் கவிஞருடையது. 1516-இல் அவர் வெளியிட்ட காவியத்திலிருந்து எடுத்தது. அந்தக் காவியம் எது? 1494-இல் இறந்துபோன பொயார்டோ என்ற கவிஞர் முடிக்காமல் விட்ட ஓர்லாண்டோ கதையின் தொடர்ச்சி! அதாவது, தன் புத்தகத்துக்கு முத்தாய்ப்பாக அவர் எடுத்த வரியே, ஒருவர் கதையை இன்னொருவர் தொடர்ந்த புத்தகத்திலிருந்து வந்தது. எதிரணியின் சாட்சி இப்போது எந்தப் பக்கம் நிற்கிறார், நடுவர் அவர்களே? (பலத்த கைதட்டல்)

சரி, படைத்தவருக்கே பாத்திரம் முழுச் சொந்தமா? ஷெர்லாக் ஹோம்ஸை 1893-இல் சுவிட்சர்லாந்து அருவியில் தள்ளி முடித்தார் கானன் டாயில். வாசகர்கள் விட்டார்களா? 1903-இல் அவரே உயிரோடு திரும்ப அழைத்துவர வேண்டியதாயிற்று. டாயில் 1930-இல் மறைந்தார். 2011-இல் அவருடைய வாரிசுகளின் சம்மதத்தோடு ஆண்டனி ஹோரோவிட்ஸ் ஒரு புதிய ஹோம்ஸ் நாவல் எழுதினார். அப்பா போனாலும் பிள்ளை வாழக் கூடாதா?

நம் வீட்டுக்கு வருவோம். ‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வந்தது. உத்தம சோழனின் முடிசூட்டோடு கதை நின்றது. விட்டார்களா நம் மக்கள்? “வந்தியத்தேவன் என்ன ஆனான்? குந்தவை என்ன ஆனாள்?” என்று கேட்டார்கள். முடிவுரையில் கல்கியே உட்கார்ந்து அதற்கெல்லாம் பதில் எழுத வேண்டியதாயிற்று. 1954 டிசம்பரில் அவரும் மறைந்தார். பிறகு ‘அமுதசுரபி’ ஆசிரியர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யைத் தொடர்ச்சியாக எழுதினார். அருள்மொழியும் குந்தவையும் வரலாற்றின் பிள்ளைகள், யாரும் எடுக்கலாம். ஆனால் ஆழ்வார்க்கடியான் முழுக்க முழுக்கக் கல்கி வீட்டுப் பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தொடும்போதுதான் கை நடுங்க வேண்டும்.

“தொலைக்காட்சித் தொடரில், ‘இனி அவருக்குப் பதில் இவர்’ என்று போடுகிறார்களே, அது மாதிரி இருக்கிறது” என்று எதிரணிச் சகோதரி கேலி செய்தார். நியாயமான கேலிதான். முகம் மாறினால் பொறுத்துக்கொள்வோம், மனசு மாறினால் பொறுப்போமா? அவெல்லனேடா தோற்ற இடமும் அதுதான். டல்சினியா என்ற காதலிக்காகவே வாழ்ந்த டான் குவிக்சாட்டை, அவளை மறந்தவராக ஆக்கினார். வெகுளியான சாங்கோவை வெறும் தின்னிப்பண்டாரம் ஆக்கினார். ஆளைத் தூக்கிக்கொண்டு போனார், உயிரை விட்டுவிட்டுப் போனார்!

அப்படியானால் உயிரையும் சேர்த்துக் கொண்டுபோனவர் உண்டா? உண்டு. இளங்கோவடிகள் சிலப்பதிகாரம் பாடினார். அதில் வந்த மாதவிக்கும் அவள் மகளுக்கும் அப்புறம் என்ன ஆச்சு என்று பாடியவர் யார்? சாத்தனார்! வேறு ஆசிரியர், வேறு சமய நோக்கு. ஆனாலும் இன்றைக்கு அவற்றை இரட்டைக் காப்பியம் என்கிறோம்.

அந்த மாதவியைச் சாத்தனார் எப்படி வைத்தார்? கோவலன் கொலையுண்டான் என்று கேட்டுத் துறவு பூண்டவளாக வைத்தார். பழையபடி ஆட வரச் சொல்லி ஊர் கேட்கிறது. அவள் மறுக்கிறாள். மறுக்கும்போது தன் மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறாள். மணிமேகலை யார் மகள்? மாதவி வயிற்றில் பிறந்தவள். ஆனால் மாதவி, “மதுரையை எரித்த அந்தப் பத்தினியின் மகள் இவள்” என்கிறாள்! (நீண்ட கைதட்டல்) பத்து மாதம் சுமந்தவள், தன் மகளைத் தூக்கிக் கண்ணகி மடியில் வைக்கிறாள். இளங்கோவின் கண்ணகியும் உயர்ந்தாள், மாதவியும் உயர்ந்தாள். சிலம்பு ஒரு சுழி குறைந்ததா, நடுவர் அவர்களே?

ஆகவே, பாத்திரத்தை நேசிக்காமல் எடுப்பவனிடம் அது பிணமாகும். நேசித்து எடுப்பவனிடம் வளரும். கெட்ட தொடர்ச்சியை வாசகர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பயந்து “அப்புறம்?” என்று கேட்கிற குழந்தையின் வாயைப் பொத்த வேண்டாம். அது கேட்பதை நிறுத்துகிற அன்றைக்குத்தான் கதைமாந்தர் உண்மையிலேயே இறக்கிறார்கள். எனவே, பிறர் தொடர்வது பாத்திரத்தை வாழ வைக்கிறது என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.