பாதம் கழுவுதல் (கிறித்தவம்)

பாதம் கழுவுதல் என்பது தன்னலமற்ற அன்பையும் தாழ்ச்சியையும் செயலால் வெளிப்படுத்தும் ஒரு கிறித்தவச் சடங்கு ஆகும். இயேசு தாம் இறப்பதற்கு முந்திய இரவில் தம் சீடர்களின் காலடிகளைக் கழுவியதை நினைவுகூர்ந்து இது நிகழ்த்தப்படுகிறது. கத்தோலிக்க, ஆங்கிலிக்க, கிழக்குத் திருச்சபைகள் பலவற்றில் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய பெரிய வியாழனன்று (புனித வியாழன்) இது நடைபெறும். சில சீர்திருத்தச் சபைகளில் திருவிருந்தோடு இணைந்து ஆண்டில் பலமுறை நடைபெறுவதும் உண்டு. இச்சடங்கு உணர்த்தும் பண்பைத் தமிழ்க் கத்தோலிக்கர் "தாழ்ச்சி" என்றும், சீர்திருத்தச் சபையினர் "தாழ்மை", "மனத்தாழ்மை" என்றும் வழங்குவர்.

விவிலியப் பின்னணி

புழுதி மிகுந்த பாதைகளில் மிதியடி அணிந்தோ வெறுங்காலோடோ நடந்து வந்த விருந்தினருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது பண்டைய பாலத்தீன நாட்டில் விருந்தோம்பலின் முதற்படியாக இருந்தது. தொடக்க நூலில் ஆபிரகாம் தம்மிடம் வந்த மூவருக்கு அவ்வாறே தண்ணீர் தருகிறார். ஆனால் பிறருடைய கால்களைத் தொட்டுக் கழுவுவது ஊழியரின் வேலையாகவே கருதப்பட்டது. எபிரேய அடிமையைக்கூட இவ்வேலைக்குப் பணிக்கலாகாது என்று யூத ரபிமார் விளக்கம் அளித்தனர். இந்தப் பின்னணியை அறியாமல் நற்செய்தி நிகழ்ச்சியின் கூர்மையை உணர்தல் அரிது.

யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தின்படி, இயேசு விருந்தின்போது எழுந்து, மேலுடையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலடிகளைக் கழுவத் தொடங்கினார். ஆசிரியர் மாணவரின் காலைத் தொடுவதைப் பேதுரு ஏற்க மறுத்தார், பின்னரே இணங்கினார். தம்மைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசு அப்போது அங்கு இருந்தார் என்பதும், அவருடைய கால்கள் விலக்கப்பட்டதாக எந்தக் குறிப்பும் இல்லை என்பதும் கருதத்தக்கவை. தகுதி பார்த்து வழங்கப்படாத அன்பைக் கிறித்தவர்கள் "அகாபே" என்னும் கிரேக்கச் சொல்லால் குறிப்பது வழக்கம்.

மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் இந்நிகழ்ச்சியைக் கூறவில்லை. அவர்கள் இறுதி இரவுணவில் நற்கருணை ஏற்படுத்தப்பட்டதை விவரிக்கின்றனர். யோவானோ அதை விட்டுவிட்டு, அந்த இடத்தில் பாதம் கழுவுதலை வைத்துள்ளார். வழிபாடும் பணிவிடையும் ஒன்றையொன்று விளக்குவன என்று காட்டவே அவர் இவ்வாறு அமைத்தார் என்பது அறிஞர் பலரின் கருத்து.

தொடக்கத் திருச்சபையிலும் துறவு மடங்களிலும்

திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம், கைம்பெண்கள் குழுவில் சேர்க்கத்தக்கவரின் நற்செயல்களுள் ஒன்றாக இறைமக்களின் காலடிகளைக் கழுவுவதைக் குறிப்பிடுகிறது. 4ஆம் நூற்றாண்டில் மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்றவரின் கால்கள் கழுவப்பட்டன. உரோமையில் அவ்வழக்கம் இல்லை என்பதை அறிந்தே ஆயர் அம்புரோசு அதை ஆதரித்து எழுதினார். எசுப்பானியாவின் எல்விரா சங்கமோ அதே வழக்கத்தைத் தடை செய்தது. 694ஆம் ஆண்டு தொலேதோ நகரில் கூடிய சங்கம் பெரிய வியாழனன்று ஆயர்களும் குருக்களும் இதனைச் செய்ய வேண்டும் என்று ஆணையிட்டது.

6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித பெனடிக்டின் மடவொழுங்கு இதை அன்றாட வாழ்வோடு பிணைத்தது. வாரந்தோறும் சமையல் பணியை முடிப்பவரும் அதனை ஏற்பவரும் மடத்தார் அனைவரின் கால்களையும் கழுவ வேண்டும். மடாதிபதியும் மடத்தாரும் விருந்தினரின் கால்களைக் கழுவ வேண்டும். இங்கே இது ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் சடங்கன்று, அடுப்படி வேலையின் தொடர்ச்சியாகும்.

அரசவைகளும் எதிர்ப்பும்

இடைக்காலத்தில் அரசர்களும் இதை மேற்கொண்டனர். இங்கிலாந்தில் எளியோரின் கால்களைத் தம் கையால் கழுவிய கடைசி மன்னர் இரண்டாம் யேம்சு (1685) என்பர். ஆசுத்திரியப் பேரரசர் பிரான்சு யோசேப்பு வியன்னா அரண்மனையில் பன்னிரு முதியோரின் கால்களைக் கழுவி வந்தார். முதலாம் எலிசபெத்து அரசியார் கழுவுவதற்கு முன்பே அப்பெண்களின் கால்களைப் பணியாளர் பலமுறை கழுவித் தூய்மைப்படுத்திவிடுவர்! தாழ்ச்சி அரசவை விழாவாகும்போது நேர்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மார்ட்டின் லூதர் இத்தகைய விழாக்களை வெளிவேடம் எனக் கண்டித்தார். அடுத்திருப்பவருக்கு உண்மையாகப் பணிவிடை செய்வதே இயேசுவின் கருத்து என்றார். ஆனால் எல்லாச் சீர்திருத்தச் சபைகளும் இதைக் கைவிடவில்லை. மெனோனைட்டுகளின் தோர்த்ரெக்டு விசுவாச அறிக்கை (1632) இதற்கெனத் தனிப் பகுதி ஒன்றை ஒதுக்கியுள்ளது. ஏழாம் நாள் அட்வெந்து சபையினர் திருவிருந்துக்கு முன் இருவர் இருவராக ஒருவர் மற்றவரின் காலைக் கழுவுகின்றனர். இதில் கழுவுபவர், கழுவப்படுபவர் என்ற நிலையான வேறுபாடு இல்லை. மேலிருப்பவர் கீழிறங்கிக் காட்டும் முறையைவிட இது நற்செய்தியின் கருத்துக்கு நெருக்கமானது எனலாம்.

அண்மைக் கால மாற்றங்கள்

திருத்தந்தை பன்னிரண்டாம் பயசு 1955இல் வெளியிட்ட புனித வாரச் சீர்திருத்தத்தின் வழியாக இச்சடங்கு பங்குக் கோவில்களின் மாலைத் திருப்பலிக்குள் இடம்பெற்றது. அப்போது ஆண்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தது. பல பங்குகளில் இவ்விதி நடைமுறையில் மீறப்பட்டு விவாதத்துக்குள்ளானது.

திருத்தந்தை பிரான்சிசு 2013 மார்ச் 28 அன்று உரோமையில் உள்ள சிறார் சிறையொன்றில் பன்னிருவரின் கால்களைக் கழுவினார். அவர்களுள் இருவர் பெண்கள், இசுலாமியரும் இருந்தனர். 2016 சனவரியில் வெளியான ஆணை, இறைமக்களுள் எவரையும் தேர்ந்துகொள்ளலாம் என விதியைத் திருத்தியது. இது உரோமை வழிபாட்டு முறைக்கு மட்டுமே உரியது. கீழை வழிபாட்டு முறைச் சபைகளைக் கட்டுப்படுத்தாது. 2019 ஏப்பிரலில் வத்திக்கானுக்கு வந்திருந்த தென் சூடான் தலைவர்களின் முன் அவர் மண்டியிட்டு, அமைதி வேண்டி அவர்களின் காலணிகளை முத்தமிட்டார். அது சடங்கன்று எனினும் அதே மரபில் பொருள் கொள்ளப்பட்டது.

தமிழகச் சூழலில்

மாணவர் குருவுக்கும், பெண் வீட்டார் மணமகனுக்கும் பாதபூசை செய்யும் நாட்டில் இச்சடங்கு தலைகீழாகத் தோன்றுவது இயல்பு. குரு தம் மேலங்கியைக் களைந்து, துண்டு கட்டி, செம்பும் தாம்பாளமுமாகப் பங்கு மக்கள் முன் குனிகிறார். சாதி வேறுபாடு திருச்சபைக்குள்ளும் தொடரும் ஊர்களில், அன்று முன்வரிசையில் அமரும் பன்னிருவர் யார் என்பது வெறும் நடைமுறைக் கேள்வியாக இருப்பதில்லை. பன்னிரண்டு என்ற எண்ணிக்கை திருத்தூதர்களை நினைவூட்டும் வழக்கத்தால் வந்தது. இன்றைய திருப்பலி நூல் அதை வலியுறுத்துவதில்லை.