விசா வரிசையும் கையுறை போட்ட டாக்டரும்

1/
படபடப்பு, தூக்கமில்லை, அஞ்சு கிலோ எடை குறைஞ்சிருக்கு. இப்படி ஒரு பெண் வந்தாங்க. தைராய்டு நார்மல், ஈசிஜி நார்மல், ரத்தத்தில் எல்லாம் சரி. "வீட்டுக்காரர் கூட வரலையாம்மா?"ன்னு கேட்டேன். அவர் வெளிநாட்டில். கல்யாணமாகி பதினாலு மாசம். இவங்க விசா இன்னும் வரலை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/
அடுத்து அவங்க சொன்னதுதான் இந்தத் திரிக்குக் காரணம்.
"எங்க மேலதான் ஏதோ தப்பு இருக்கு போல டாக்டர். இல்லன்னா இவ்ளோ நாள் ஆகுமா?"
தாமதம்னா தப்பு நம்ம மேலன்னு நினைக்கிறது இயல்புதான். ஆனா விசா வரிசைகளோட வரலாறு வேற சொல்லுது. அந்த வரலாற்றில் என் தொழிலும் கூண்டில் ஏறி நிக்கணும். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

3/
பிரிட்டனுக்குப் போவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே ஆலைகளுக்கும் வார்ப்படத் தொழிற்சாலைகளுக்கும் ஆள் தேவைப்பட்டது. பஞ்சாப், மீர்ப்பூர், சில்ஹெட் பகுதிகளிலிருந்து ஆண்கள் போனார்கள். 1962-ல் குடியேற்றச் சட்டம் கடுமையானது. ஆனாலும் ஏற்கெனவே அங்கு குடியேறியவர்களின் மனைவியும் சிறு பிள்ளைகளும் வந்து சேரலாம் என்ற உரிமை மிஞ்சியிருந்தது.

4/
1969-ல் ஒரு புது விதி. குடும்பத்தினர் கிளம்பும் முன்பே, சொந்த நாட்டில் உள்ள பிரிட்டிஷ் தூதரகத்தில் நுழைவுச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். படிக்க சாதாரணமா இருக்கு இல்லையா? லண்டன் விமான நிலையத்தில் நடந்த விசாரணை இப்போ இஸ்லாமாபாத்துக்கும் டாக்காவுக்கும் டெல்லிக்கும் இடம் மாறியது. அங்கே வரிசை உருவானது. 1970-களில் டாக்காவிலும் இஸ்லாமாபாத்திலும் முதல் நேர்காணலுக்கே ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் ஏராளம்.

5/
இதைக் கவனிங்க. மனைவி வரக்கூடாதுன்னு சட்டம் போட்டா நாடாளுமன்றத்தில் விவாதம் வரும், பத்திரிகையில் கேள்வி வரும். கவுன்ட்டரில் ஆளைக் கூட்டாம விட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. உரிமை காகிதத்தில் அப்படியே இருக்கும். கைக்கு மட்டும் வராது.

6/
நேர்காணல் எப்படி இருந்தது? கணவர் சொன்னதையும் மனைவி சொன்னதையும் தனித்தனியாக எழுதி ஒப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்க, வீட்டில் எத்தனை அறை, பக்கத்து வீட்டில் யாரு. பத்து வருஷமா வெளிநாட்டில் இருக்கும் மனுஷனும் கிராமத்தில் இருக்கும் மனைவியும் ஒரே பதிலைச் சொல்லணும். முரண்பட்டால் "இவர்கள் கணவன் மனைவி அல்ல" என்று முடிவு. நீங்களும் உங்க துணையும் தனித்தனியா உக்காந்து இந்தத் தேர்வை எழுதிப் பாருங்க. எத்தனை பேர் பாஸ் ஆவோம்?

7/
பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு எதுவும் அன்றைய கிராமங்களில் வழக்கமில்லை. காகிதம் இல்லாத இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்தது. சந்தேகம் வந்ததும் அதிகாரிகள் யாரைக் கூப்பிட்டாங்க தெரியுமா? டாக்டர்களை.

8/
அன்றைய விதிப்படி மனைவிக்கு முன்கூட்டியே சான்றிதழ் தேவை. ஆனால் மூன்று மாதத்துக்குள் கல்யாணம் செய்துகொள்ள வரும் மணப்பெண்ணுக்குத் தேவையில்லை, விமான நிலையத்திலேயே அனுமதி கிடைக்கும். உடனே அதிகாரிகளுக்கு ஒரு சந்தேகம்: மனைவிகள் நீண்ட வரிசையிலிருந்து தப்பிக்க "நான் மணப்பெண்"னு சொல்லி வர்றாங்களோ? வரிசையை உண்டாக்கியது அரசு. அதன் பழி விழுந்தது பெண்கள் மேல்.

9/
1979 ஜனவரி 24. லண்டன் ஹீத்ரோ விமான நிலையம். இந்தியாவிலிருந்து வந்த 35 வயது ஆசிரியை. தன் வருங்காலக் கணவரை மணக்க வந்தவர். அதிகாரிகள் நம்பவில்லை. ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மறுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் கையெழுத்து போட்டார். ஓர் ஆண் மருத்துவர் கையுறை மாட்டிக்கொண்டு அவர் "கன்னி"தானா என்று உடல் பரிசோதனை செய்தார்.

10/
ஒரு மருத்துவரா இதை நேரடியா சொல்றேன். அப்படி ஒரு பரிசோதனையே கிடையாது. கன்னிச்சவ்வு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதைப் பாத்து ஒரு பெண்ணுக்கு உடலுறவு அனுபவம் உண்டா இல்லையான்னு எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கல்யாணம் ஆச்சா இல்லையாங்கிறது அதைவிட தூரம். 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் இதை எங்கும் செய்யக்கூடாது என்று கூட்டாக அறிவித்தன. பயத்தில் வாங்கிய கையெழுத்தும் சம்மதம் ஆகாது.

11/
அந்த ஆசிரியை வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஊர் என்ன பேசும், கணவர் வீட்டில் என்ன நினைப்பாங்கன்னு பயந்திருந்தா யாரும் குறை சொல்ல முடியாது. அவர் பேசினார். பிப்ரவரி 1-ம் தேதி கார்டியன் நாளிதழில் செய்தி வந்தது. இந்திய அரசு கடுமையாக எதிர்த்தது. அந்த மாதமே உள்துறை அமைச்சர் மெர்லின் ரீஸ் இந்தப் பரிசோதனையை நிறுத்த உத்தரவிட்டார்.

12/
அரசு அப்போ என்ன சொன்னது? எப்பவாவது அரிதா நடந்ததுதான்னு. 32 வருஷம் கழித்து, 2011-ல், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இவான் ஸ்மித்தும் மரினெல்லா மார்மோவும் பழைய அரசுக் கோப்புகளைத் தோண்டினார்கள். 1970-களின் பிற்பாதியில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களில் மட்டும் குறைந்தது 80 பெண்களுக்கு இது நடந்திருந்தது. அந்த எண்பது பேரில் பலர் கடைசிவரை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன்.

13/
அடுத்து பிள்ளைகள். "இவனுக்கு 14 வயசுன்னு சொல்றீங்க, எங்களுக்கு 18 மாதிரி தெரியுது." உடனே கை மணிக்கட்டு எக்ஸ்ரே. எலும்பு முதிர்ச்சியை வைத்து வயசு கணிப்பது நிஜமான மருத்துவ முறைதான், வளர்ச்சிக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு நாங்களும் எடுக்கிறோம். ஆனா அதுக்கு அதிகம் பயன்படும் ஒப்பீட்டுப் படநூல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1930-களில் நல்ல வசதியான வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளை வைத்து உருவானது.

14/
பால், முட்டை சாப்பிட்டு வளர்ந்த அந்தப் பிள்ளைகளின் எலும்பையும் வெள்ளத்திலும் பஞ்சத்திலும் அடிபட்ட சில்ஹெட் பிள்ளையின் எலும்பையும் பக்கத்தில் வைத்து "நீ பொய் சொல்றே"ன்னு எப்படித் தீர்ப்பு சொல்ல முடியும்? ஆரோக்கியமான பிள்ளைகளிலேயே ரெண்டு வருஷம் முன்ன பின்ன இருக்கலாம். நோயும் இல்லை, சிகிச்சையும் இல்லை, ஆனா கதிர்வீச்சு உண்டு. எதிர்ப்பு வலுத்து, 1982-ல் இதுவும் நிறுத்தப்பட்டது.

15/
இங்கே ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லணும். அன்வர் டிட்டா. பிரிட்டனிலேயே பிறந்தவர், ராச்டேல் ஊரில் வசித்தவர். பாகிஸ்தானில் விட்டு வந்த மூன்று பிள்ளைகளை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தார். "இவர்கள் உன் பிள்ளைகள் அல்ல" என்று உள்துறை மறுத்துவிட்டது. யோசிச்சுப் பாருங்க, பெத்தவளைப் பார்த்து.

16/
அவர் ஊர் ஊராகக் கூட்டங்களில் பேசினார். கையெழுத்து இயக்கம், ஊர்வலம், கமிட்டி எல்லாம் நடந்தது. 1981-ல் கிரனாடா தொலைக்காட்சியின் 'வேர்ல்ட் இன் ஆக்ஷன்' நிகழ்ச்சி இந்த வழக்கை எடுத்து, ரத்தப் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்தது. முடிவு தாய்க்குச் சாதகமாக வந்தது. அரசு பின்வாங்கியது, அந்த வருஷமே பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அதுக்குள்ள அவங்க அம்மாவைப் பிரிஞ்சு ஆறு வருஷம் ஓடிப்போச்சு.

17/
1984-ல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் டி.என்.ஏ. ரேகையைக் கண்டுபிடித்தார். குற்றவாளியைப் பிடிக்கத்தான் அது முதலில் பயன்பட்டதுன்னு பலர் நினைக்கிறாங்க. அதன் முதல் நிஜ வழக்கு 1985-ல் வந்த ஒரு குடியேற்ற வழக்கு. கானாவிலிருந்து தாயிடம் திரும்பிய பிரிட்டனில் பிறந்த ஒரு சிறுவனை அதிகாரிகள் நம்பவில்லை. தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் ஒப்பிட்டதில் அவன் அவள் மகன்தான் என்று உறுதியானது.

18/
பின்னாடி சில்ஹெட் குடும்பங்களையும் டி.என்.ஏ. மூலம் பரிசோதித்தபோது பெரும்பாலானோர் சொன்னது உண்மைன்னு தெரிஞ்சது. ஆனா பாருங்க, பலருக்கு அதுக்குள்ள 18 வயசு தாண்டியிருந்தது. "நீங்கள் மகன்தான், ஆனால் இப்போது சிறுவர் இல்லை" என்று கதவு மறுபடி மூடியது. யாரும் தீர்ப்பு எழுதாமலே, தாமதமே தீர்ப்பாகிவிட்டது.

19/
கணவர்களுக்கு வேற முட்டுக்கட்டை. 1980-களில் வந்த 'முதன்மை நோக்கம்' விதி. இந்தத் திருமணத்தின் முக்கிய நோக்கம் பிரிட்டனில் குடியேறுவது அல்ல என்று விண்ணப்பதாரரே நிரூபிக்கணும். மனசுக்குள்ள இல்லாத ஒன்றை இல்லைன்னு எப்படி நிரூபிக்கிறது? 1997-ல் ஆட்சி மாறியதும் அந்த விதி நீக்கப்பட்டது. நேத்து வரை சந்தேகத்துக்குரிய கணவர், அடுத்த நாள் சாதாரண கணவர். அவர் மாறலை, விதி மாறிச்சு.

20/
நடுவில் ஒரு வேடிக்கையும் உண்டு. தங்கள் கணவர்களை வரவிடாத விதிக்கு எதிராக மூன்று பெண்கள் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார்கள். ஆண்களின் மனைவிகள் சுலபமாக வரலாம், பெண்களின் கணவர்கள் வர முடியாது என்பது பாலினப் பாகுபாடு என்று 1985 மே மாதம் தீர்ப்பு வந்தது. அரசு என்ன செய்தது? கணவர்களுக்கு விதியைத் தளர்த்தவில்லை. மனைவிகளுக்கும் அதே அளவுக்கு இறுக்கிவிட்டது. சமத்துவம் ஆச்சுல்ல!

21/
சரி, இவ்வளவு வருஷம் இந்தக் குடும்பங்கள் எப்படித் தாங்கினாங்க? எழுதப் படிக்கத் தெரியாத பாகிஸ்தான் குடும்பங்கள் பேச்சை கேசட்டில் பதிவுசெய்து, ஊருக்குப் போறவங்க கையில் கொடுத்துவிட்டார்கள். நம்ம ஊரில் வளைகுடா கேசட் கடிதம் பாத்தவங்களுக்கு இது புரியும். மாமியார் இருமல், ஆட்டுக்குட்டி கத்தல், குழந்தை அழுகை எல்லாம் அதில் இருக்கும். இன்னொரு பக்கம் ஒரே நிலையில் இருந்தவர்கள் ஒன்று சேர்ந்தார்கள், இலவச சட்ட உதவி மையங்களுக்கு நடந்தார்கள், ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்தினார்கள்.

22/
காத்திருப்பு உடம்பை என்ன செய்யும்? 2016-ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 45 பேரை வைத்து ஒரு சோதனை. கையில் லேசான மின் அதிர்ச்சி வரும் வாய்ப்பை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நிச்சயம் வரும்னு தெரிஞ்சப்போ இருந்ததைவிட, வரலாம் வராமலும் போகலாம்னு பாதிக்குப் பாதி இருந்தப்போதான் மன அழுத்தம் உச்சத்தில் இருந்தது. மறுப்புக் கடிதத்தைவிட 'பரிசீலனையில் உள்ளது' அதிகமா வலிக்கிறது உங்க பலவீனம் இல்லை. மூளையோட வேலையே அப்படி.

23/
காத்திருப்பவர்களுக்கு ஒரு டாக்டரா நான் சொல்வது:
• தூதரக இணையதளத்தை ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரே நேரத்தில் பாருங்க. ராத்திரி படுக்கையில் வேண்டாம்.
• ஒரு நோட்டு போடுங்க. அனுப்பிய தேதி, வந்த பதில், போன் செய்த நாள் எல்லாம் எழுதுங்க. மேல்முறையீடு வந்தா கைகொடுக்கும், அதுவரை மனசையும் ஒழுங்குபடுத்தும்.
• மெடிக்கலை அவசரப்பட்டு எடுக்காதீங்க. உதாரணமா, பிரிட்டனுக்கான காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாசம்தான் செல்லும்.

24/
• குழந்தை விஷயத்தில் வயசு கவலை இருந்தா விசா வந்தப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப்போடாம இப்பவே மகப்பேறு மருத்துவரைப் பாருங்க.
• ரெண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகணும்னு தோணுதுன்னா விசா வரட்டும்னு காத்திருக்காதீங்க. மனநல மருத்துவரிடம் வாங்க.
• உறவுக்காரங்களுக்கு: "என்ன, இன்னும் வரலையா?" இந்தக் கேள்வியை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க. "சாப்பிட்டியா?" போதும்.

25/
இன்னைக்குக் கன்னித்தன்மை சோதனை இல்லை, வயசு பாக்க மணிக்கட்டு எக்ஸ்ரேவும் இல்லை. அதே பிரிட்டனில் இப்போ துணையை அழைக்க வருட வருமானம் 29,000 பவுண்டு காட்டணும். 2024 ஏப்ரலுக்கு முன் அது 18,600 பவுண்டு. ஒரே நாளில் இத்தனை தம்பதிகளின் அன்பா குறைஞ்சு போச்சு? எண்ணை மாத்தினாங்க, அவ்வளவுதான்.

26/
அந்தப் பெண்ணுக்கு நான் தூக்க மாத்திரை எழுதலை. இந்தக் கதையில் பாதியைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அப்போ அந்த டீச்சர் மேல தப்பே இல்லையே டாக்டர்"ன்னாங்க. இல்லம்மா. "அப்போ என் மேலயும் இல்ல"ன்னாங்க. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வந்தாங்க. விசா வரலை. தூக்கம் கொஞ்சம் வந்திருந்தது, கையில் ஒரு நோட்டு இருந்தது.

27/
வரிசையில் நிக்கிற ஒருத்தர் உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க. கூடவே ஒரு போன் பண்ணுங்க. விசா பத்தி மட்டும் கேக்காதீங்க.