பேனரின் கடைசி வரிசை

நம் குடியிருப்புக்குத் திரும்பும் சாலை முனையில் சில மாதங்களுக்கு முன் ஒரு பிறந்தநாள் பேனர் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு 'அண்ணன்', கீழே தபால்தலை அளவில் இருபது முகங்கள். வாக்கிங் போகும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அதில் ஒன்று நம் வளாகத்துப் பையன். பத்தாம் வகுப்பு. அவன் அப்பாவிடம் சொல்லலாமா, வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்துவிட்டு, சொன்னேன். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எந்த பிளாக் என்று தயவுசெய்து யாரும் தேட வேண்டாம்.

"பிரெஞ்சுக்காரன் காலத்தில் இதெல்லாம் கிடையாது" என்று நம் வயதுக்காரர்கள் சொல்வதுண்டு. அது சரியல்ல. 1871 முதல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு இங்கிருந்து பிரதிநிதி தேர்ந்தெடுக்கப்பட்டார். தேர்தல் வந்தால் கூலிக்கு அடியாட்களும் வந்தார்கள். இணைப்புப் போராட்டத்தின்போது இந்தக் குண்டர்களிடம் அடிவாங்கிய குடும்பங்கள் இன்றும் ஊரில் உண்டு. 1951இல் சர்வதேச நீதிமன்றத்தின் வழியாக நியமிக்கப்பட்ட பார்வையாளர்கள் வந்து பார்த்துவிட்டு, சுதந்திரமாக வாக்களிக்கும் சூழல் இங்கே இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். கடைசியில் 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள்தான் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு.

ஆனால் அந்த அடியாட்கள் வளர்ந்த ஆண்கள். தேர்தல் முடிந்தால் கூலியும் முடிந்தது. பதினைந்து வயதுப் பையனுக்கு அப்போது வேறு ஒரு வாசல் இருந்தது: மில். சவானா, ரோடியர், கப்ளே என்று மூன்று. சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். 1936 ஜூலை 30இல் எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகப் போராடிய தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். ஆனாலும் சங்கு ஊதினால் ஊரே நேரம் பார்த்துக்கொண்டது. உள்ளே போன பையனை அப்பாவைத் தெரிந்த ஒரு மேஸ்திரி கவனித்துக்கொண்டார். வங்கியில் நான் கவுன்ட்டரில் இருந்த நாட்களில், சம்பளத் தேதியில் மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பணம் எண்ணும் மில் தொழிலாளிகளைப் பார்த்திருக்கிறேன். முதலியார்பேட்டை ரோடியர் மில், அதாவது ஏ.எஃப்.டி., 2020 ஏப்ரல் 30இல் மூடப்பட்டது. மில் மூடியதால்தான் ரவுடிகள் வந்தார்கள் என்று கணக்கு எழுத மாட்டேன். மில் ஓடியபோதும் கத்திக்குத்து நடந்தது. பையனைக் கவனிக்கும் வெளியாள் ஒருவர் குறைந்தார், அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது.

அந்த இடத்துக்குத்தான் 'அண்ணன்' வருகிறார். அமெரிக்காவில் ஃபிரெடெரிக் திராஷர் என்ற ஆய்வாளர் சிகாகோ நகரின் 1,313 கும்பல்களைப் பற்றி 1927இல் புத்தகம் போட்டார். பெரும்பாலானவை சாதாரணத் தெருவிளையாட்டுக் கூட்டமாகத்தான் தொடங்கின என்கிறார். இங்கும் அப்படித்தான். முதலில் பைக்கில் ஒரு ரவுண்டு, பிரியாணி, ஒரு செல்போன். பிறகு "இந்தப் பையைக் கொஞ்சம் வைத்திரு". 2018 பிப்ரவரியில் பூந்தமல்லி பக்கம் மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடி அரிவாளால் கேக் வெட்டிய பிறந்தநாள் விழாவில் எழுபதுக்கும் மேற்பட்டோரை போலீஸ் வளைத்துப் பிடித்தது. கேக் சாப்பிட வந்தவர், கத்தி எடுத்து வந்தவர் என்று யாரும் அங்கே நின்று பிரித்துப் பார்க்கவில்லை.

"நீ மைனர், உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றுதான் பையன்களிடம் சொல்கிறார்கள். இது பாதிப் பொய். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயது முடிந்தவன் கொலை போன்ற கொடுங்குற்றத்தில் சிக்கினால், சிறார் நீதி வாரியம் பரிசீலித்து, பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்பலாம். இதை வீட்டில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

அந்த அப்பா முதல்நாள் பையனை அடித்துவிட்டார். பையன் இரவு பத்து மணிவரை வீடு திரும்பவில்லை. யாரிடம் போயிருப்பான் என்று சொல்லத் தேவையில்லை. மறுநாள் அவன் அம்மா வேறு மாதிரி செய்தார். "உன் ஃபிரெண்ட்ஸை வீட்டுக்குக் கூப்பிடு, தோசை சுடுகிறேன்" என்றார். நான்கு பேர் வந்தார்கள். யார் பெயர் என்ன, எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை என்பதெல்லாம் அவருக்கு அன்றே தெரிந்துவிட்டது. ஐந்தாவது பையன் மாடிக்கு வராமல் கேட்டுக்கு வெளியே பைக்கிலேயே உட்கார்ந்திருந்தான். அவனைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும் என்பதும் புரிந்தது. புதிதாக வந்த செல்போன் யார் வாங்கிக் கொடுத்தது என்று அடுத்த வாரம் மெதுவாகக் கேட்டார். போன் திரும்பிப் போனது. மிரட்டல் ஏதும் வந்தால் 1098க்குக் கூப்பிடலாம் என்று எண்ணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்.

நம் சங்கத்துக் கூட்ட அறை மாலையில் பூட்டியே கிடக்கிறது. கேரம் போர்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, தருகிறேன். சாவி செயலாளரிடம். ஆறு முதல் எட்டு வரை நான் உட்காரத் தயார். செவ்வாய், வெள்ளி மட்டும் முடியாது, கோயில். அந்த இரண்டு நாளுக்கு யாராவது பெயர் கொடுங்கள்.